உயிரோட வேணும்

“காக்கா, இந்தத் துரை என்ட மாப்பிள்ளைக்குச் சூனியம் வைக்கிறான்.”

ஜன்னலை விட்டு ஓடி வந்த ஜெமீலாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்த அவள் அண்ணன் மஜீட் எழுந்தான்.

“என்ன புள்ள சொல்றாய்?”

“உயிரோட வேணும் எண்டு இண்டைக்கும் மலம் கேட்டான்தானே? அதைக் குப்பியில போட்டுச் சட்டைக்குள்ள ஒளிக்கிறான். ரெண்டு கண்ணாலயும் பார்த்தன்.”

முடியோ நகமோ கழிவோ கையில் சிக்கினால் போதும், ஆளையே முடக்கிவிடலாம் என்று நம்பிய ஊர். ஜெமீலாவின் புருஷன் ஹமீட் ஏற்கெனவே இரத்தக் கழிச்சலில் நாராய்க் கிடக்கிறான்.

மஜீட் உள்ளே பாய்ந்து, கிருமி பார்க்கும் எல்மோ துரையின் சட்டையைப் பிடித்தான்.

“எடு வெளிய.”

“பொறுங்க தம்பி. குளிர் பட்டா அது அடங்கிரும்.”

துரை பதறாமல் கையைத் தூக்கி, கமக்கட்டுக்குள் இடுக்கியிருந்த குப்பியை எடுத்தார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துக் குனிந்தார். முகம் மலர்ந்தது.

“வந்து பாருங்க தங்கச்சி.”

பின்னாலேயே வந்திருந்த ஜெமீலா குனிந்து பார்த்தாள். வெளிச்சத்துக்குள் ஏதோ ஒன்று வழிந்து வழிந்து ஊர்ந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அல்லாஹ்வே, இதுவா அவருட குடலுக்குள்ள?”

“ஓம். நேற்றுச் சாயம் போட்டுப் பார்த்தன். சாயத்தில நிறம் வடிவா வரும், ஆனா உயிர் போயிரும். செத்துச் சுருண்டா இதுவும் சீழும் ஒரே மாதிரித்தான் கிடக்கும். ஊர்ந்தாத்தான் இன்னதெண்டு அடிச்சுச் சொல்லலாம். மாறி மருந்து குடுத்தா ஆள் தப்பாது. இப்ப எந்த ஊசி எண்டு தெரிஞ்சிட்டு.”

“அதுக்காகக் கமக்கட்டுக்குள்ளயா?” இன்னும் பிடித்திருந்த சட்டையை மஜீட் விட்டான்.

“உடம்புச் சூடு இருந்தாத்தான் அது ஊரும். இந்த மழைக் குளிரில சூடாக்கி வைக்க இங்க கருவி இல்ல. என்ட உடம்புதான் இருக்கு.”

ஜெமீலா குப்பியையும் துரையின் கமக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தொற்றிவிடும் என்று பயந்து, புருஷன் வாய் வைத்த கோப்பையைக்கூடக் கோழிக்கூட்டடியில் ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவள் அவள்.