காணாமல் போன கமா

கமாவுக்காக உயிரையே விடுகிற இலக்கண வாத்தியாரின் ஆங்கிலப் புத்தகம் அச்சாகி வந்தது. "இதைத் தட்டச்சு செய்த என் மனைவிக்கு" என்ற பொருளில் முதல் பக்கத்தில் ஓர் ஆங்கில வரி. அதில் 'மனைவி' என்ற சொல்லையடுத்து அவள் தட்டச்சு செய்திருந்த கமாவைக் காணோம்.

கமா இருந்தால் ஒரே மனைவி. இல்லாவிட்டால், இருக்கிற மனைவிகளில் தட்டச்சு செய்தவள். அவர் நடத்துகிற பாடமே அதுதான்.

"அச்சகத்துக்காரன் முழுங்கிட்டான்" என்று சிரித்தார் வாத்தியார்.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். அவர் வெளியே போனதும் அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"நாங்க கை வைக்கலம்மா. கடைசி புரூஃப்ல சார்தான் அந்தக் கமாவ அடிச்சு எடுத்துட்டாரு. காலையிலயும் இதையேதான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அவர் சம்சாரம் கேட்டாங்களே! ஆமா, நீங்க யாரும்மா?"