வெள்ளையா, மஞ்சளா?

"தம்பி, அந்த வெள்ளை லைட்டை மட்டும் ஒட்டினே, அப்புறம் இந்த வீட்ல பச்சைத் தண்ணி பல்லுல படாது. சொல்லிட்டேன்!"

மாமியார் சமையலறை வாசலின் இடது பக்க நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது பக்கத்தை மருமகள் பிடித்திருந்தாள்.

"மஞ்சளை ஒட்டினா எனக்கும் படாது," என்றாள் மருமகள்.

கபோர்டுக்கு அடியில் தலையை நுழைத்திருந்த எலக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டான். எல்.இ.டி. பட்டை பாம்புச் சட்டை மாதிரி அவன் கையில் தொங்கியது. பின்பக்கத் தாளை உரித்து ஒட்டிவிட்டால் முடிந்துபோகிற வேலை. அதற்கு இது மூன்றாவது நடை. முதலில் ஒட்டிய வெள்ளையை மாமியார் பிய்க்கச் சொன்னாள். அடுத்து ஒட்டிய மஞ்சளை மருமகள் சொல்லக்கூட இல்லை, அவளே பிய்த்துவிட்டாள்.

'இன்னிக்கும் முடிக்காம வந்தேன்னா, அப்படியே உன் வீட்டுக்குப் போயிடு. கடைப் பக்கம் தலை வைக்காதே' என்று சொல்லித்தான் முதலாளி அனுப்பியிருந்தார்.

"வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரிக்குத்தான் லாயக்கு. தக்காளிகூட சீக்கு வந்த மாதிரி முழிக்கும்," என்றாள் மாமியார்.

"மஞ்சள்னா எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது. உங்களுக்கு அதானே அத்தை வேணும்?"

"என் சமையலறையில பிசுக்கா? வீடு கட்டும்போதே அடுப்பு எங்க, தொட்டி எங்கன்னு கோடு போட்டுக் காட்டினவ நான்!"

"கபோர்டு கலரைத் தேடித் தேடி எடுத்தவ நான். உங்க மஞ்சள்ல அது வாந்தி கலர்ல தெரியுது."

எலக்ட்ரீஷியன் தலையை வெளியே எடுத்தான். "அம்மா, சமைக்கிறவங்க கண்ணுக்கு எது வசதின்னுதான் பாக்கணும்..."

"அது கிடக்கட்டும். முதல்ல இது யாரு சமையலறைன்னு தெரியணும்!" என்றாள் மாமியார்.

"ஆமா, இன்னிக்கே தெரியணும்!" என்றாள் மருமகள்.

அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து இதே வேலையாக இருந்தார் மனிதர்.

"முடிஞ்சுதா? சாப்பாட்டுக்கு நேரமாகுதேன்னு..."

"நீ போய் உக்காருடா!"

"நீங்க சும்மா இருங்க!"

இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எலக்ட்ரீஷியனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்விட்ச் பெட்டியைப் பார்க்கிற சாக்கில் ஹாலுக்கு வந்தான்.

"சார், நீங்க ஒரு வார்த்தை அதட்டிச் சொல்லக் கூடாதா? என் பொழப்பு ஆடுது சார்."

"நான் சொன்னா யாரு தம்பி கேக்குறா?"

"எப்படிக் கேப்பாங்க? நம்ம ஆம்பளைங்க லட்சணம் அப்படி. அங்க வேலை முடியல, உங்களுக்கு அதுக்குள்ள சாப்பாட்டு நினைப்பு. உள்ள நின்னு வேகிறவங்க கஷ்டம் உக்காந்து சாப்பிடுறவங்களுக்கு எங்க தெரியும்? டியூப் லைட் முதுகுக்குப் பின்னால எரியுது. கத்தியைப் பிடிச்சா நிழல்தான் முன்னால நிக்குது. தினமும் அதுல நின்னு பாருங்க, புரியும்."

வீட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு, "ரொம்பச் சரி தம்பி," என்றார்.

நல்லா உறைச்சிருக்கு என்று நினைத்துக்கொண்டே உள்ளே திரும்பியவனுக்கு, பையில் இருந்த வேறொரு பட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"அம்மா, இதுல வெள்ளையும் உண்டு, மஞ்சளும் உண்டு. ரிமோட்டை அழுத்தினா மாறும்."

இரண்டு முகங்களும் மலர்ந்தன. ஒரு நொடிதான்.

"ரிமோட் யார்கிட்ட இருக்கும்?" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

விட்டால் நிலையைப் பெயர்த்துவிடுவார்கள் போலிருந்தது. எலக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் வேணாம். ஹால் ஷோகேஸ்ல வெச்சுப் பூட்டிடுங்க. விருந்தாளி வந்தா மட்டும் எடுங்க. பெரியம்மா பக்கத்து ஆளுங்க வந்தா மஞ்சள். அக்கா பக்கத்து ஆளுங்க வந்தா வெள்ளை. மத்த நாள்ல லைட்டே வேணாம். சண்டையும் இல்ல, புதுசு மாதிரி அப்படியே இருக்கும்."

மாமியார் யோசித்தாள். மருமகளும் யோசித்தாள்.

"பிள்ளை விவரமானவன்," என்றாள் மாமியார்.

"இவருக்கு இது தோணிச்சா பாருங்க," என்றாள் மருமகள்.

அப்புறம் என்ன, மளமளவென்று வேலை நடந்தது. தாளை உரித்து, விளிம்போடு ஒட்டி, அழுத்தித் தேய்த்து, வயரைக் கபோர்டுக்குள் மறைத்தான். ஒரு முறை மஞ்சள், ஒரு முறை வெள்ளை. இருவரும் கைதட்டாத குறை. ரிமோட் ஷோகேசுக்குள் போனது. முதலாளிக்கு போன் போட்டு, "முடிச்சிட்டேன்ணே!" என்று சொன்னபோது இரண்டு நாட்டுப் போரை நிறுத்திய தெம்பு அவன் குரலில் இருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் கிளம்பியபோது, மாமியார் டிவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகள் சோபாவில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னடா பண்றே? பசி உயிர் போகுது," என்றாள் மாமியார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன், ஒரு நாளாவது நேரத்துக்கு இவர் சமைச்சு முடிச்சிருக்காரா அத்தை?" என்றாள் மருமகள்.

"இதோ ஆச்சு, ஆச்சு," என்றபடி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிய வீட்டுக்காரர், செல்போன் டார்ச்சைப் போட்டு உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து, அந்த வெளிச்சத்தில் குனிந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார்.