அக்கா அனுப்பிய அழைப்பு

பத்தொன்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ள அக்கா அமிர்தவல்லி போட்டிருந்த மனுவுக்கு இப்போதுதான் முறை வந்திருந்தது. பெருமாள்மலையில் காய்கறிக் கடை வைத்திருந்த செல்வமுருகன் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு, கொடைக்கானலில் விசா விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் தனசேகரிடம் போனார்.

"எம் மகளையும் சேத்துக்கங்க."

"வயசு என்னங்க?"

"மனு போட்டப்ப எட்டு."

"அப்ப இப்ப இருபத்தேழு. இருபத்தொண்ணு தாண்டுனவங்க உங்களோட வர முடியாதுங்க."

செல்வமுருகன் மகளின் சான்றிதழ்களை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "சரிங்க, நானும் வீட்டுக்காரியும் மட்டும் போறோம். கூடப்பொறந்தவளோட இருக்கணும்ல" என்றார்.

"அக்காவோட கையெழுத்து வேணும். அங்கிருந்து தபால்ல வர எத்தனை நாளாகும்?"

"தபால் எதுக்குங்க?" செல்வமுருகன் வாசல் பக்கம் திரும்பினார். "அக்கா, உள்ள வா."

ஸ்வெட்டர் போட்ட அம்மாள் ஒருவர் உள்ளே வந்தார்.

"அங்க தனியா கெடக்க முடியலைன்னுதான் தம்பியக் கூப்பிட்டேன். அவன் வர்ற வழியக் காணோம். ரிட்டயர் ஆனதும் நானே வந்துட்டேன். மூணு வருசமா அவன் பக்கத்து வீடுதான்."

தனசேகர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"கூப்பிடுறவங்க அங்க குடியிருக்கணும்மா. நீங்க திரும்பிப் போயி அங்க வீடு புடிச்சாத்தான் தம்பி உங்களோட வந்து சேர முடியும்."

அமிர்தவல்லி சிரித்துவிட்டார். செல்வமுருகன் சிரிக்கவில்லை.

"அப்ப நீ எப்பக்கா கெளம்புற?"