கடுகு தாளித்த ஹம்மூஸ்

“நிஸா, ஹம்மூஸ் எண்டா என்ன சாமான்?”

குசினி வாசலில் நின்று எல்சி கேட்டதும், தேங்காய் திருவிக்கொண்டிருந்த நஜ்முன் நிஸா சிரித்துவிட்டாள்.

“ஏன் அக்கா?”

“காலமை வந்து இறங்கின பிரான்ஸ் பிள்ளை கேக்குது. மீன் வேண்டாமாம். இறைச்சி, முட்டை, பால் ஒண்டும் தொடாதாம். ஹம்மூஸ் செய்யத் தெரியுமோ எண்டுதான் திருப்பித் திருப்பிக் கேக்குது. நானும் வாய் தவறி ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

உப்புவெளிக் கடற்கரையில் எல்சி விருந்தினர் விடுதி தொடங்கி ஒரு பருவம்கூட முடியவில்லை. மீன் பொரியலையும் இறால் கறியையும் நம்பித் தொடங்கிய விடுதி. இந்தப் பிள்ளை முகம் சுளித்துக்கொண்டு போய் இணையத்தில் நாலு வரி எழுதிவிட்டால், அடுத்த ஆள் படலையைத் திறக்காது.

“பயப்படாதீங்க. அது கொண்டைக்கடலைய அவிச்சு அரைக்கிறதுதான். வெளிநாட்டுல வீட்டு வேலைக்கு நிண்ட காலத்துல நான் அது செய்யாத நாளில்ல. ராவைக்கு ஊறப் போடுவம். நாளைக்குப் பகல் சாப்பாட்டுக்குக் குடுங்க.”

கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் நிஸா, வெளிநாட்டுக் கதையை அதுவரை எடுத்ததேயில்லை. எல்சியும் கேட்டதில்லை.

மறுநாள் நிஸா ஊறிய கடலையை அப்பச்சோடா போட்டுக் குழைய அவித்தாள். தண்ணீருக்குள் அலைந்து தோலைக் களைந்தாள். வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்துக் களியாக அரைத்தாள். அதோடு கடலை, உள்ளி, தேசிப்புளி, உப்பு எல்லாம் சேர்த்து, ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தாள். எல்சி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“மாதாவே! பால் விடாமலோ இப்பிடி வெண்ணெய் மாதிரி வந்தது?”

அவளுக்கு வந்த நிம்மதி நிமிஷத்தில் போய்விட்டது. நிஸா தாச்சியை அடுப்பில் வைத்து, தேங்காய் எண்ணெயில் கடுகையும் செத்தல் மிளகாயையும் வெடிக்கவிட்டாள்.

“என்ன நிஸா செய்யிறீங்கள்? கடுகைக் கண்டால் அந்தப் பிள்ளை சம்பல் எண்டெல்லோ நினைக்கப்போகுது!”

“மேலால ஊத்துறதுக்கு ஒலிவ் எண்ணெய் நம்மட்ட இல்லையே அக்கா. அங்கயும் முதலாளியம்மாட மேசைக்குத்தான் அந்த எண்ணெய். குசினியில எனக்கெண்டு வெக்கிறத இப்பிடித்தான் தாளிப்பன். ருசியா இருக்கும், பாருங்களன்.”

எல்சி ஏதும் சொல்வதற்குள் எண்ணெய் சீறிக்கொண்டு ஹம்மூஸின் மேல் விழுந்தது. ரொட்டி, வெள்ளரிக்காய், பொரித்த கத்தரிக்காய் எல்லாவற்றையும் சுற்றி அடுக்கி, மனதுக்குள் ஒரு செபம் சொல்லிக்கொண்டு தட்டை விறாந்தைக்குக் கொண்டுபோனாள்.

அந்தப் பெண் ரொட்டியைப் பிய்த்து, ஹம்மூஸில் வழித்து வாயில் வைத்தாள். வாய் அப்படியே நின்றது. கண்கள் நிறைந்தன.

‘உறைப்பு ஏறிப்போச்சு’ என்று எல்சி நினைத்தாள்.

“இதை யார் செய்தது?” என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். “இந்தக் கரையில் எத்தனையோ இடங்களில் கேட்டுச் சாப்பிட்டுவிட்டேன். எங்கேயும் இப்படி இல்லை.”

எல்சிக்கு அது குறையாகவே பட்டது. ‘சமையல்காரி செய்தது’ என்று சொல்லிவிட்டால் பழி தீர்ந்தது. ஆனால், ஆரும் கேளாமல் தன் மானத்தைக் காப்பாற்ற விடியற்காலையிலேயே வந்து அடுப்பில் நின்றவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

“நான்தான் செய்தேன்” என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “மன்னியுங்கள். வேறு செய்து தருகிறேன்.”

அந்தப் பெண் எழுந்து அவளுக்கு நேரே வந்தாள். எல்சியின் கண்களை, நெற்றியை, கைகளைத் தேடித் தேடிப் பார்த்தாள். அவள் முகம் வாடியது.

“இல்லை. நீங்கள் இல்லை.”

சொல்லிவிட்டுத் தட்டோடு குசினிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். எல்சி பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள். பாவம் நிஸா, ஒரு சொல் தாங்கமாட்டாள்.

நிஸா திரும்பிப் பாராமல் தாச்சி கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் சத்தத்தில் யார் வந்ததென்றும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் தெரிந்த அவள் முகத்தை அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு குசினி நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊட்டச் சொல்லும் குழந்தை போல வாய் திறந்தாள். வந்தது ஆங்கிலமல்ல, பிரெஞ்சுமல்ல. மழலை மாறாத, அச்சொட்டான கிண்ணியாத் தமிழ்.

“நிஸா உம்மா, தீத்தி விடுங்க.”

நிஸா திரும்பினாள். ஈரக் கையோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைத் தடவினாள். கடைசியில் எல்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

“பெய்ரூத்துல பொறந்த நாளையிலிருந்து நான் வளத்த புள்ள அக்கா இது. சண்டைக்குள்ள அவங்க பிரான்சுக்குப் போக என்னைய ஊருக்கு அனுப்பக்குள்ள, என்ட முந்தானையை விடாம அழுத லியா.”