கடைசி வரி

தமயந்தியின் இரண்டு மணிக்கட்டிலும் கட்டுப் போட்டுவிட்டார் டாக்டர். இனி டைப் செய்யக் கூடாது, வாயால் சொல்லித்தான் கம்ப்யூட்டரை எழுத வைக்க வேண்டும். எழுத்துகள் தேய்ந்த கீபோர்டு மேசையின் ஓரத்துக்குப் போனது. அதன் இடத்துக்குப் புது மைக் வந்தது.

"அவங்க கையை இப்படி ஆக்கினது நீங்கதானாண்ணே?" என்றது மைக்.

"நானா கூப்பிட்டேன்? அவதான் விடாம தட்டினா," என்றது கீபோர்டு அலுப்போடு.

"இனிமே கவலையில்லை. அவங்க வாயைத் திறந்தா போதும், நான் எழுதிடுவேன்."

அதற்குள் மேனேஜர் இன்னொரு வேலையை அனுப்பியிருந்தார். தமயந்தி மைக்கில் பதில் சொன்னாள்: "கை இப்போ பரவாயில்லை சார். அதையும் நானே முடிச்சுடறேன்." சொல்லிக்கொண்டே டீ டம்ளரைத் தூக்கியவள், "ஐயோ, அம்மா" என்றாள்.

மைக் அதையும் எழுதிவிட்டது.

தமயந்தி திரையில் அந்த வரியைப் படித்தாள். பிறகு, "கடைசி வரியை அழி, அனுப்பு" என்றாள். பதில் போய்விட்டது.

"பார்த்தீங்களாண்ணே, சொன்ன உடனே அழிச்சுட்டேன்!"

"பார்த்தேன்," என்றது கீபோர்டு. "முதல் வரியை அழிச்சிருக்கலாம்."