தினமும் பொங்கல்

கல்யாணமான நாளிலிருந்து சமையல் இயந்திரம் காலையில் பொங்கலே வைத்தது. கணவன் பெனடிக்டுக்குப் பிடிக்கும்போல என்று ஜெசிந்தாவும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். இன்று பொறுமை போய்விட்டது.

"தினமும் இயந்திரத்துட்ட பொங்கலையா கேக்கீங்க?"

"நானா? நான் இட்லில்லா கேக்கேன்! உனக்காகத்தான் தின்னேன்."

அவள் கேட்டதோ பூரி. புள்ளியியல் நிரல் எழுதுகிறவள், உடனே இயந்திரத்தின் உள்கணக்கைத் திறந்தாள். இட்லிக்கு அடையாளம் ஒன்று, பொங்கலுக்கு இரண்டு, பூரிக்கு மூன்று. வகைக்கு வைத்த அடையாளத்தை எண் என்று எடுத்துக்கொண்டு, இருவர் ஆசைக்கும் சராசரி போட்டு, இரண்டு என்று பொங்கலை வைத்திருக்கிறது! வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, 'எண்' என்றிருந்ததை 'வகை' என்று மாற்றினாள்.

மறுநாள் இட்லியும் பூரியும் ஆவி பறக்க வந்தன.

"பொங்கல் இல்லாம என்னவோ மாரி இருக்குல்லா?" என்றான் பெனடிக்ட்.

ஜெசிந்தாவின் விரல் ஏற்கெனவே இயந்திரத்தின் பொங்கல் பொத்தான் மேல் இருந்தது.