டைகருக்குப் பன்னிரண்டு வயது

“எல்லாத்தையும் மாத்தியாச்சுல்ல, அப்படியே என் குரலையும் ஒரு பன்னெண்டு வயசுப் பையன் குரலா மாத்திக் குடுத்துருங்க தம்பி.”

அறிவுச்செல்வன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. திருக்கோகர்ணத்தில் கம்ப்யூட்டர் கடை போட்ட பதினோரு வருடத்தில் அவனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்குத் தெளித்த சந்தனத்தைக் கீபோர்டிலிருந்து சுரண்டச் சொல்லியிருக்கிறார்கள். குரலை மாற்றச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

எதிரே ஸ்டூலில் திருப்பதி. கறம்பக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். நாற்பத்தைந்து வயது, பாதி நரைத்த மீசை. கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் திக்கித் திக்கி நிற்கிறதென்று, காலையில் அதைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இப்போது அதில் கிராபிக்ஸ் கார்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் புதுசு. அந்தக் கார்டுக்குக் கரண்ட் போதாதென்று பவர் சப்ளையும் புதுசு. எல்லாம் அவர் பைக்கை விற்ற காசு. பழசாக மிச்சமிருந்தது வெளிக்கூடும் திருப்பதியும்தான்.

“எதுக்குண்ணே? யாரை ஏமாத்த?” விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். கேட்டு முடிக்கும்போது சிரிப்பு போயிருந்தது. பேப்பரில் கண்டதையும் படிக்கிறோமே.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல தம்பி. மெட்ராஸ்ல ஒரு பையனோட நெட்டுல ஜோடி சேந்து ஆடுறேன். நாலு மாசமா டைப் அடிச்சே பேசிக்கிட்டோம். என்னையத் தன் வயசுப் பையன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். இப்ப மைக்குல பேசுடாங்கிறான். ‘ஒன் கம்ப்யூட்டர் ஆமை, நீ ஊமை. சனிக்கெழமை நாலு மணிக்குச் சரியா வரலேன்னா வேற ஆளைச் சேத்துக்குவேன்’னுட்டான். இன்னைக்குத்தான் சனிக்கெழம. என் தொண்டையைக் கேட்டா, தாத்தா வந்துட்டாருன்னு ஓடிருவான்ல?”

அறிவுச்செல்வனுக்குப் பழைய காயம் ஒன்று சுருக்கென்றது. போன வருடம் அவனும் இப்படி ஒரு குழுவில் சேர்ந்து, ‘டேய் மச்சி’ என்று வாயைத் திறந்த மறுநொடி, ‘அங்கிள், ஹெட்போனை உங்க பையன்கிட்ட குடுங்க’ என்று விரட்டப்பட்டவன். அதற்கு முந்தின நாள்தான் தலைக்கு டை வேறு அடித்திருந்தான்.

“ஆடுறதுக்கு வேற ஆளா கெடைக்கலண்ணே?”

“கெடைப்பாங்க. இவன்தான் வேணும்.”

“அம்புட்டு நல்லா ஆடுவானா?”

“எங்க! என்னைய மாதிரித்தான். குதிச்ச ஒடனே செத்துருவான்.”

“இதுக்கா பைக்கை வித்தீங்க?”

திருப்பதி மீசையைத் தடவிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

“சரி, செஞ்சு தாரேன். ஆனா இங்கிட்டே, என் முன்னாடியே ஆடணும். அவன் பேசுறது ஸ்பீக்கர்ல எனக்கும் கேக்கணும்.”

“தாராளமா.”

நிழல், புல், அலை என்று ஆட்டத்தில் அழகுக்கென்றே இருந்ததையெல்லாம் அறிவுச்செல்வன் குறைத்தான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. குரல்தான் படுத்தியது. முதல் தடவை பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் செய்யும் அம்மாள் பேசினார். அடுத்த தடவை கிணற்றில் விழுந்த வாத்து. மூன்றாவது தடவை, அசல் ஏழாங்கிளாஸ் பையன்.

நாலு மணிக்குத் திரையில் தீவு விரிந்தது. பாராசூட்டில் இரண்டு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவன் தலைக்கு மேல் ‘டைகர்’ என்று எழுதியிருந்தது. அதுதான் திருப்பதி.

“டேய் டைகர்! இன்னைக்கு நீ திக்கவே இல்லடா! புதுக் கம்ப்யூட்டரா?” ஸ்பீக்கர் கீச்சிட்டது.

“ஆமாடா வசந்து. கார்டு, ரேமு எல்லாம் புதுசு.” நரைத்த மீசைக்கடியிலிருந்து ஏழாங்கிளாஸ் பேசியது. அறிவுச்செல்வன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“ஒன் வாய்ஸ் செம காமெடிடா. கார்டெல்லாம் யாரு வாங்கித் தந்தா?”

“எங்க அப்பா.”

“ஜாலிதான். டேய், நாளைக்குக் காலையில நான் வரமாட்டேன். அமாவாசை. எங்க அப்பாவுக்காக நான்தான் காக்காவுக்குச் சோறு வைக்கணும். நான் குட்டியா இருக்கப்பவே அவரு செத்துட்டாரு.”

மவுஸின் மேல் திருப்பதியின் கை நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ டைகரைச் சுட்டுச் சாய்த்தார்கள்.

“என்னடா மரம் மாதிரி நிக்கிற? இரு, சாவாத, நான் வந்து தூக்கி விடுறேன்.”

வசந்த் ஓடி வந்து தூக்கி விட்டான்.

“வசந்து... சோறு வச்சா காக்கா வருமாடா?”

“சில நாள் வரும். சில நாள் எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. அப்பாவுக்கு எம்மேல கோவம்னு நெனச்சுக்குவேன்.”

“கோவமெல்லாம் இருக்காதுடா.”

“அது ஒனக்கு எப்படித் தெரியும்? சரி, அம்மா கூப்பிடுறாங்க. நாளைக்கு சாயங்காலம் வந்துரு. நீயேதான்டா என் ஜோடி.”

ஸ்பீக்கர் அடங்கியது. அறிவுச்செல்வன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். ஒரு மணி நேரத்துக்கு முன் இந்த மனிதரைச் சந்தேகப்பட்டதற்குத் தன்னையே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“பாவம்ணே, அப்பன் இல்லாத புள்ள. ஏதோ, நீங்களாச்சும் கூட ஆடுறீங்க.”

திருப்பதி மைக்கை அணைத்தார்.

“செத்துட்டாருன்னு அவங்க அம்மா சொல்லி வச்சிருக்கு. அன்னைக்கு நான் குடிச்சுக் கெடந்த லட்சணத்துக்கு, அதைப் பொய்யின்னும் சொல்ல முடியாது. அந்தச் சோறு எனக்குத்தான் தம்பி.”